தவறிய அடி

தருமபுரி நகரிலுள்ள அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் பல வரிசையாக நிற்கின்றன. ஆநிரை மீட்கச் சென்று அம்புபட்டு வீழ்ந்த வீரரின் உருவம் அவற்றில் செதுக்கப்பெற்றுள்ளது. உருவத்தின் அருகே வட்டெழுத்தில் சில வரிகளும் காணப்பெறும். தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், ஆண்டுதோறும் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்று அவ்வெழுத்துகளைக் காட்டுவேன். "கல்லில் பிழை நேர்ந்தால் அதனை அழித்து எழுத இயலாது, ஆதலின் எழுதுமுன் எண்ணுங்கள்" என்று கூறுவது என் வழக்கம். இளமையில் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகியவன் நான். பின்னர்ப் புலவர் ஒருவரின் அடியமர்ந்து இலக்கணம் கற்றவன். எழுத்தைப்பற்றியும் எழுதக் கற்பிப்பதைப்பற்றியும் இனி நான் அறிய வேண்டுவது யாதுமில்லை என்னும் எண்ணம், பணி ஓய்வு பெற்ற நாளிலும் என்னிடம் இருந்தது. அவ்வெண்ணம் நீங்கியது ஒரு பழைய மாட்டுக் கொட்டிலில். அதனை இங்குக் கூறுகின்றேன்.

எங்கள் தெரு பென்னாகரம் செல்லும் சாலையிலிருந்து பிரிவது. தெருக்கோடியில் தச்சர் ஒருவர் வாழ்கின்றார். என்னினும் நான்கைந்து ஆண்டு மூத்தவர். எங்கள் வீட்டு நிலைக்கதவில் படர்ந்துள்ள கொடியும் பூவும் அவருடைய உளி பட்டு மலர்ந்தவையே. அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் பயின்றவன். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்சி முடித்து, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பதினோர் ஆண்டு வேலை பார்த்தான். ஓசூர் முன்பு எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்ததே. 2004 ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதனுடன் சென்றது. எங்கள் பக்கத்து இளைஞர் பலர் பிழைப்பு நாடி ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்வதும், திருவிழாவுக்கு மட்டும் ஊர் திரும்புவதும் வழக்கமாகிவிட்டன.

மூன்றாண்டுகளுக்கு முன் தச்சருடைய வலக்கை நடுங்கலாயிற்று. மருந்து உண்டும் நடுக்கம் முற்றும் நீங்கவில்லை. மரத்தில் எழுத்துச் செதுக்குவதில் அவரைப் போன்றவர் இப்பகுதியில் இல்லை என்று பெயர் பெற்றவர், பெயர்ப்பலகை கேட்டு வந்தவர்களை வெறுங்கையாய்த் திருப்பியனுப்பினார். அதனைக் கேள்வியுற்ற மகன் வேலையை விட்டு ஊர் திரும்பினான். மாதம் பிறந்தால் கைக்கு வரும் ஊதியத்தை விட்டுவிட்டு வந்தானே என்று தெருவார் பேசிக்கொண்டனர். நானும் அவ்வாறே எண்ணினேன்.

சில நாள் கழித்து அவன் என் வீட்டுத் திண்ணையோரம் வந்து நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, மரத்தில் எழுத்துச் செதுக்கும் பொறி ஒன்றை வீட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கிறேன். தமிழ் எழுத்து அதில் சரியாக வரவில்லை. தாங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்" என்றான்.

மறுநாட் காலையில் சென்றேன். மாடு கட்டிய கொட்டிலைச் சுண்ணாம்பு அடித்துத் தூய்மை செய்திருந்தான். ஒரு பக்கம் தந்தையின் உளிகளும் இழைப்புளியும் வாளும் ஆணியில் தொங்கின. சுவரில் கோவையைச் சேர்ந்த ஜி. டி. நாயுடுவின் படம் ஒன்று இருந்தது. 1893 முதல் 1974 வரை வாழ்ந்த அப்பெருமகனார், மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டியே பொறியியல் கற்றவர் என்பது நம் நாட்டார் அறிந்த செய்தி. கொட்டிலின் நடுவே, ஒரு கட்டில் அளவில், அலுமினியச் சட்டங்களால் ஆன பொறி நின்றது.

இதனைப் பட்டறைக்காரர் சி.என்.சி. ரௌட்டர் என்பர். எண்ணால் ஏவப்பெறும் செதுக்குபொறி என்று நாம் கூறலாம். மேசையின்மேல் மரப்பலகையைப் பிணித்துவிட்டால், மேலே விரைந்து சுழலும் சிறு வெட்டுளி இடவலமாகவும் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகர்ந்து, வேண்டிய உருவைப் பலகையில் குடையும். எங்கு நகர வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பன எல்லாம் எண்களாக எழுதிக் கொடுக்கப்பெறும்.

எண்ணைக் கொண்டு கருவியை ஏவும் கருத்துப் புதியதன்று. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளின்மேல் துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். துளையுள்ள இடத்தில் ஊசி புகும்; அதற்குரிய இழை உயரும். துளையில்லா இடத்தில் இழை தாழ்ந்தே இருக்கும். அவ்வாறு மயிலும் அன்னமும் சேலையின் கரையில் தோன்றும். பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவராகிய ஜக்கார்டு என்பார் 1804 ஆம் ஆண்டில் இம்முறையைச் செப்பம் செய்தார். பின்னர் அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பார், ஹெலிகாப்டரின் சுழலிறகைச் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்தபோது, வளைவுகளைப் புள்ளிகளாகக் கணக்கிட்டு அவ்வெண்களின்படி கருவியை நகர்த்தலாம் என்று கண்டார். அக்கருத்தினின்று தொடங்கி, 1952 ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட நாடாவால் இயங்கும் வெட்டுபொறி ஒன்றைச் செய்து காட்டினர். அதனை ஏவும் பெட்டி, பொறியினும் பெரிதாக இருந்தது.

அன்று அறையளவு இடம் கொண்ட அவ்வேவல் பெட்டி, இன்று உள்ளங்கையில் அடங்குகின்றது. இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005 ஆம் ஆண்டில் மாணவர்க்கென உருவாக்கப்பெற்ற ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகையும், நார்வே நாட்டார் ஒருவர் 2009 ஆம் ஆண்டில் எழுதி யாவர்க்கும் இலவசமாக வழங்கிய 'கிர்பிள்' என்னும் ஏவல் நிரலும், இவ்வித்தையைத் தொழிற்சாலையினின்று வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்தன. தச்சர் மகன் ஓசூரில் சேர்த்த பணத்தில் ஏறத்தாழ 60,000 ரூபாய் செலவிட்டு, பெங்களூரின் எஸ். பி. சாலைக் கடைகளில் அலைந்து, மோட்டாரும் திருகுத்தண்டும் மின்பலகையும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்திருந்தான்.

அன்றுமுதல் நாள்தோறும் காலையில் அக்கொட்டிலுக்குச் செல்வது எனக்கு வழக்கமாயிற்று. நான் அங்குக் கண்ட முதல் நிகழ்ச்சி, தந்தை மகனுக்கு உரைத்த ஓர் அறிவுரை.

சட்டத்தை முடுக்கி முடித்துவிட்டதாக மகன் மகிழ்ந்திருந்தான். முதியவர் கதவோரம் நின்று நோக்கினார்.

"குறுக்களவு பார்த்தாயா?" என்று கேட்டார்.

"நான்கு மூலையிலும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன், அப்பா. சரியாகவே இருக்கிறது."

"மூலைமட்டம் ஒரு சாண் தூரத்துக்குத்தான் உண்மை சொல்லும். அதற்கு அப்பால் கயிறுதான் சொல்லும்."

அவர் ஒரு நூற்கயிற்றை எடுத்து, ஒரு மூலையினின்று எதிர் மூலைக்கு இழுத்து, அளவில் முடிச்சிட்டார். பின் மற்றைய இரு மூலைகளுக்கும் அதனைப் பிடித்தார். முடிச்சு மூலையைத் தாண்டி நின்றது. வேறுபாடு நான்கு மில்லிமீட்டர். செவ்வகமாயின் இரு குறுக்களவும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின், நான்கு பக்கமும் அளவில் சரியாயினும், சட்டம் சாய்ந்திருக்கின்றது என்பதே பொருள். அச்சாய்வில் செதுக்கிய ஒவ்வோர் எழுத்தும் சாய்ந்தே நிற்கும். மகன் ஒன்றும் பேசாமல் முடுக்கிய திருகுகள் அனைத்தையும் தளர்த்தினான். கயிற்றின் இரு அளவும் ஒன்றாகும்வரை இரண்டு நாள் உழைத்தான். கை நடுங்கினும் முதியவரின் கண் நடுங்கவில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

அடுத்துப் பொறியை நகர்த்தும் மோட்டாரைப்பற்றிக் கூற வேண்டும். அதற்கு ஸ்டெப்பர் மோட்டார் என்று பெயர். மின்விசிறியின் மோட்டாரைப்போல் அது ஓயாமல் சுழல்வதன்று. அடி அடியாக நடப்பது. ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள். ஒவ்வோர் அடியையும் மின்பலகை எட்டுக் கூறாக்கி அனுப்பும். ஆகவே ஒரு சுற்றுக்கு 1,600 ஏவல்கள். மோட்டார் ஒருமுறை சுற்றினால், திருகுத்தண்டு வெட்டுளியை 8 மில்லிமீட்டர் நகர்த்தும். கணக்கிட்டுப் பார்மின்: ஒரு மில்லிமீட்டருக்கு 200 ஏவல்கள் ஆகின்றன.

"அங்ஙனமாயின் ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கும் தவறாது அன்றோ?" என்று வியந்து கேட்டேன்.

"ஏட்டுக் கணக்கில் தவறாது, ஐயா" என்று அவன் சிரித்தான்.

300 மில்லிமீட்டர் நகருமாறு ஏவினான்; அளந்து பார்த்தபோது 299.4 தான் நகர்ந்திருந்தது. மறுமுறையும் அவ்வாறே. அளவை மூன்றுமுறை சரிபார்த்த பின்னர், 200 என்ற எண்ணை 200.4 என்று மாற்றினான். பிறகு ஒரு வட்டம் வரையச் செய்தான். வட்டம் முட்டைபோல் நசுங்கியிருந்தது. திசை மாறும் நான்கு இடங்களிலும் சிறு தட்டை தோன்றியது. திருகுத்தண்டின் புரிக்கும் மரையின் புரிக்கும் இடையே மயிரிழை அளவு தளர்ச்சி இருந்ததே காரணம். பட்டறையில் அதனைப் 'பிளே' என்பர். ஒரு திசையிலேயே செல்லும்போது அது தெரிவதில்லை. திரும்பும்போது, தண்டு சுழன்றும் மரை நகராமல், அவ்விடைவெளி அளவு வீணாகின்றது.

இக்குறை நம் எழுத்தில் மிகுதியாகப் புலப்படும். ஆங்கிலப் பேரெழுத்துகளில் நேர்கோடுகள் பல. நம் அகரமும் ணகரமும் ஐகாரமும் சுழித்துச் சுழித்துத் திரும்புவன. திரும்பும் இடந்தோறும் தளர்ச்சி வெளிப்பட்டுவிடும். அவன் மரையை மாற்றி, இரு மரைகளுக்கு இடையே வில்சுருளை அமைத்து, இடைவெளி எப்பொழுதும் ஒரு பக்கமே ஒதுங்கி நிற்கச் செய்தான். வட்டம் வட்டமாயிற்று.

இனி எழுத்துக்கு வருகின்றேன். அவன் என்னை அழைத்த காரணம் இரண்டு. கணினியிலுள்ள எழுத்துருக்கள் அச்சுக்காக அமைந்தவை. எழுத்தின் இரு கரைகளையும் வரைந்து நடுவே மை நிரப்புவன. அவற்றைப் பின்பற்றினால் வெட்டுளி ஒரே கோட்டை இருமுறை, இரு கரையிலும் குடையும். நடுவே மரம் மேடாக நிற்கும். அவனுக்கு வேண்டியது, மணலில் விரல் செல்வதுபோல் ஒரே கோடாகச் செல்லும் எழுத்து. இரண்டாவது, 'செ' என்று எழுதினால், கணினியின் உள்ளே சகரம் முதலிலும் கொம்பு அடுத்துமாகப் பதிவாகும். தமிழறிந்த நிரல் கொம்பை முன்னே கொணர்ந்து காட்டும். அவன் பயன்படுத்திய வரைநிரலுக்குத் தமிழ் தெரியாது. ஆதலின் கொம்பு எழுத்துக்குப் பின்னே நின்றது.

"ஆகையால் ஒவ்வோர் எழுத்தையும் கை எப்படி எழுதுமோ அப்படியே எண்ணாக்க வேண்டும், ஐயா. எங்குத் தொடங்குவது, எப்பக்கம் சுழிப்பது, எங்குத் தூக்குவது என்று தாங்கள் காட்ட வேண்டும்" என்றான்.

கட்டம் போட்ட தாளில் எழுதத் தொடங்கினேன். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. ஆக 247 என்று ஒரே மூச்சில் வகுப்பில் ஒப்பிப்போம். எழுதிக் காட்டும்போதுதான், கொம்பும் காலும் தனித்து நிற்பதால் பல எழுத்துகளை உறுப்புகளால் கூட்டிவிடலாம் என்பதும், உகர ஊகார வரிசை முப்பத்தாறையும் தனித்தனியே வரைந்தாக வேண்டும் என்பதும் விளங்கின. கு ஒரு விதம், சு ஒரு விதம், து ஒரு விதம் அன்றோ? முப்பத்தாறில் எதனையும் கண்மூடி எழுதுவேன். ஆயினும் கை எவ்வாறு எழுதுகின்றது என்பதை அதுவரை நான் நோக்கியதில்லை.

நான் எழுதிய கோட்டின்மேல் அவன் புள்ளிகள் இட்டான், புள்ளிகளை எண்களாக்கினான். அவ்வெண் வரிகளை எனக்குப் படித்துக் காட்டினான். 'ஜி 1, எக்ஸ் 40, ஒய் 25, எஃப் 600' என்பது ஒரு வரி. வலப்புறம் நாற்பதாவது மில்லிமீட்டரிலும், மேற்புறம் இருபத்தைந்தாவது மில்லிமீட்டரிலும் உள்ள இடத்துக்கு, நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் விரைவில், நேராகச் செல் என்பது அதன் பொருள். ஜி 2 என்பது வலச்சுழி. ஜி 3 என்பது இடச்சுழி. கேட்கக் கேட்க எனக்கு உவகை மிகுந்தது. இம்மொழியில் வினைமுற்று எல்லாம் ஏவல். பெயரெல்லாம் இடப்பொருள் உணர்த்தும் ஏழாம் வேற்றுமை! இத்துணைச் சுருங்கிய இலக்கணத்தை நான் எந்நூலிலும் கண்டதில்லை.

கருவி மாறுந்தோறும் நம் எழுத்துத் தன் உருவைச் சிறிது நெகிழ்த்துக் கொடுத்தே வந்துள்ளது. பனையோலையில் எழுதியோர், எழுத்தாணியின் கூர் ஓலையைத் துளைத்துவிடும் என்று அஞ்சி, மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் இடாமல் விட்டனர். ஏகார ஓகாரங்களை எகர ஒகரங்களினின்று தெளிவாக வேறுபடுத்தும் வடிவத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வழங்கினார். 1978 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, ணகர னகர லகரங்களின் பழைய இணைப்பு வடிவங்களை நீக்கிச் சீர்மை செய்தது. ஓலை அஞ்சிய புள்ளியோ இப்பொறிக்கு மிக எளிது. நேரே இறங்குதல், நேரே எழுதல், அவ்வளவே. "ஐயா, தமிழில் எல்லாம் புள்ளியாகவே இருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாயிருக்கும்!" என்று அவன் கூறியபோது முதியவரும் நகைத்தார்.

எங்கள் தெருவில் இளைஞர் சிலர் சிறு படிப்பகம் ஒன்று தொடங்கியிருந்தனர். அதற்குப் பெயர்ப்பலகை செய்வதே முதற்பணியாக அமைந்தது. முதியவர் பல்லாண்டாகப் பாதுகாத்து வைத்திருந்த வேங்கைப் பலகை ஒன்றைத் தாமே எடுத்துக் கொடுத்தார். மகன் கண்ணாடி அணிந்து, மூக்கைத் துணியால் மூடி, எங்களையும் அவ்வாறே செய்யச் சொன்னான். இடர் நேர்ந்தால் உடனே நிறுத்துதற்குரிய சிவப்புப் பொத்தான் எங்கிருக்கின்றது என்று காட்டினான். பின்னர்ப் பொறியை இயக்கினான்.

பகரம் அழகாக வந்தது. அடுத்து 'டி'யின் பாதிவரை சென்றபோது பலகையினின்று கரகரவென்று ஓர் ஒலி எழுந்தது. அரை நொடியில் அடங்கியது. பொறி நிற்கவில்லை, தொடர்ந்து சென்றது. சிறிது நேரத்தில் எங்கள் முகம் வாடியது. அடுத்த எழுத்தாகிய 'ப்' டியின் விளிம்பின்மேல் ஏறி நின்றது. அதன் பின் வந்த பகரமும் ககரமும் மகர ஒற்றும் தமக்குரிய இடத்தினின்று ஆறு மில்லிமீட்டர் இடப்பக்கம் விலகியே அமைந்தன. ஒவ்வொன்றும் தன்னளவில் பிழையற்ற எழுத்தே. நின்ற இடம்தான் பிழை. பலகை கெட்டது.

அவன் பொறியை நிறுத்திப் பலகையைக் கழற்றித் திருப்பினான். பின்புறத்தில், டியின் நேர்கீழே, ஒரு கணு இருந்தது. வேங்கையே உறுதியான மரம். அதன் கணு கல்லுக்கு நிகர். வெட்டுளி அதில் சிக்கிக்கொண்ட அரை நொடியில் மோட்டார் முன்னேற இயலவில்லை.

"திரையில் எண்கள் சரியாகத்தானே காட்டுகின்றன?" என்று கேட்டேன்.

"ஐயா, அது பொறி நிற்கும் இடத்தின் எண் அன்று, நாம் நிற்கச் சொன்ன இடத்தின் எண்" என்றான்.

பின்னர் விளக்கினான். பெரிய தொழிற்சாலைப் பொறிகளில், எவ்வளவு திரும்பினேன் என்பதை மோட்டாரே திருப்பிச் சொல்லும் அமைப்பு உண்டு. ஏவலும் நிகழ்ச்சியும் வேறுபட்டால் பொறி தானே நின்றுவிடும். இச்சிறு பொறியில் அவ்வமைப்பு இல்லை. மின்பலகை அடியெடுத்து வை என்று ஏவும். வைத்ததாகவே கொண்டு அடுத்த ஏவலை விடுக்கும். இடையே சில அடிகள் தவறிப்போயினும் அதற்குத் தெரியாது. "தவறிய அடி தவறியதுதான், ஐயா. அதன்பிறகு எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் எல்லாம் இடம் மாறியே நிற்கும்" என்றான்.

அவன் பொறியைப்பற்றியே பேசினான். என் நினைவோ பல்லாண்டுகளுக்கு முந்திய ஒன்பதாம் வகுப்பறைக்குச் சென்றது. அங்கு யாப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். அசை, அசையால் சீர், சீரால் தளை, தளையால் அடி என்று படிப்படியாக ஏறுவது அப்பாடம். கரும்பலகையில் எழுதி, அசை பிரிக்குமாறு இவனை எழுப்பினேன். நேரசையையும் நிரையசையையும் மாற்றி மாற்றிக் கூறினான். மீண்டும் கேட்டேன், மீண்டும் அவ்வாறே. "உனக்குத் தமிழ் வராது, உட்கார்" என்று வகுப்பறிய உரைத்துவிட்டு, சீருக்குச் சென்றேன். தேர்வில் அப்பகுதி முழுமைக்கும் சுழியம் இட்டேன். அதன்பின் என் வகுப்பில் அவன் வாய் திறந்ததாக நினைவில்லை. திண்ணையில் உட்காரச் சொல்லியும் அவன் நின்றுகொண்டே பேசியதன் காரணம் அப்பொழுது எனக்கு விளங்கியது.

நெடுநேரம் பேசாதிருந்தேன். பின்னர், "தம்பி, நான் யாப்பு நடத்திய நாள் உனக்கு நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவன் மரத்தூளைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே, "இருக்கிறது, ஐயா. அதற்கு முன் மூன்று நாள் நான் பள்ளிக்கு வரவில்லை. அப்பாவுடன் பாலக்கோட்டில் ஒரு வீட்டு வேலைக்குச் சென்றிருந்தேன். அந்த மூன்று நாளில்தான் அசை நடந்து முடிந்திருந்தது" என்றான்.

வருகைப் பதிவேடு என் மேசைமேல் இருந்தது. அம்மூன்று நாளும் அவன் பெயருக்கு நேரே குறியிட்டவன் நானே. ஆயினும் அதனை எண்ணிப் பார்த்தேனில்லை. ஏவினேன்; ஏவியது நிகழ்ந்ததா என்று நோக்காமல் அடுத்ததை ஏவினேன். அவன் ஓரடி தவறினான். அதன்பின் நான் கூறிய ஒவ்வொன்றையும் அவன் இடம் மாறியே கேட்டிருக்க வேண்டும்.

"அன்று நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேளாதது என் பிழை. வகுப்பறியச் சொன்ன சொல்லோ அதனினும் பெரிய பிழை" என்றேன்.

அவன் உடனே மறுமொழி கூறவில்லை. கெட்ட பலகையின் கணுவை விரலால் தடவினான். "பலகையை ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால் நானும் இதனைக் கெடுத்திருக்கமாட்டேன், ஐயா" என்றான். முதியவர் எழுந்து சென்று மற்றொரு பலகையைக் கொண்டுவந்து வைத்தார். அதன் இருபுறத்தையும் மூவரும் விளக்கொளியில் நோக்கினோம்.

மறுமுறை அவன் செய்த மாற்றங்கள் மிக எளியவை. மூன்று மில்லிமீட்டர் ஆழத்தை ஒரே வீச்சில் குடையாமல், ஒவ்வொரு மில்லிமீட்டராக மூன்று வீச்சில் குடையுமாறு அமைத்தான். விரைவைக் குறைத்தான். எல்லாவற்றிலும் சிறந்தது இது: ஒவ்வோர் எழுத்தும் முடிந்தவுடன் வெட்டுளி தொடங்கிய மூலைக்குத் திரும்பி வரவேண்டும், அங்கு இட்டுள்ள சிறு புள்ளியின் நேர்மேலே அதன் கூர் நிற்கின்றதா என்று கண்ணால் கண்ட பின்னரே அடுத்த எழுத்தைத் தொடங்க வேண்டும். பொறி தானே விடை கூறாதாயின், ஏவியவன்தான் சென்று பார்த்தல் வேண்டும். ஆறு எழுத்துக்கு ஆறுமுறை வெட்டுளி திரும்பி வந்தது. ஆறுமுறையும் அவன் குனிந்து பார்த்தான்.

எழுத்துகள் நேராக நின்றன. ஆயினும் ஒரு குறை எஞ்சியது. சுழலும் வெட்டுளி வட்டமானது. ஆதலின் பகரத்தின் உள்மூலைகள் கூராக வாராமல் மழுங்கியே இருந்தன. முதியவர் ஆணியில் தொங்கிய உளிகளுள் மெல்லியதொன்றை எடுத்தார். மூன்றாண்டாக அவர் தொடாத உளி அது. பலகையின்மேல் இரு கையையும் ஊன்றி, பொறி குடைந்த பள்ளத்தின் சுவரோடு உளியை அணைத்து வைத்தார். சுவர் உளிக்கு வழிகாட்டியாக நின்றமையால், கை நடுங்கினும் உளி பிறழவில்லை. மூலை கூராயிற்று. மூன்று பகரத்தின் மூலைகளையும் அவரே முடித்தார். முடித்து நிமிர்ந்தபோது அவர் கண்கள் நீர் ததும்பியிருந்தன. மரத்தூள் விழுந்துவிட்டதாகக் கூறினார்.

பலகை இன்று படிப்பகத்தின் வாயிலில் தொங்குகின்றது. இப்பொழுது அக்கொட்டிலுக்குப் பெயர்ப்பலகை வேண்டி அண்டை ஊரார் வருகின்றனர். மாலை வேளைகளில் தச்சர் மகன் என் திண்ணைக்கு வருகின்றான்; இப்பொழுதெல்லாம் உட்கார்ந்தே பேசுகின்றான். முதல் நாளில் அசையை எடுத்துக்கொண்டோம். குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நேர்; இரு குறிலோ, குறில்முன் நெடிலோ இணைந்து, தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நிரை என்று கூறினேன். கூறியவுடன் சீருக்குச் செல்லவில்லை. "எங்கே, நீயே ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டு" என்றேன்.

"படிப்பகம்" என்றான். சிறிது எண்ணிப் பார்த்து, "படிப், பகம், நிரை, நிரை" என்றான். பின்னரே அடுத்த பாடத்தைத் தொடங்கினேன்.